கிணற்றின் சாட்சியம்

ஒருவன் தன் கிணற்றை அடுத்த வீட்டுக்காரனுக்கு விற்றானாம். வாங்கியவன் மறுநாள் காலையில் குடத்தோடும் கயிற்றோடும் தண்ணீர் சேந்த வந்தபோது, விற்றவன் வழிமறித்துக்கொண்டான். "நான் கிணற்றைத்தான் விற்றேன். தண்ணீரை விற்கவில்லை. தண்ணீர் வேண்டுமானால் அதற்குத் தனியாகப் பணம் கொடு" என்றான். வழக்கு மரியாதை ராமனிடம் போயிற்று. "நீ சொல்வது நியாயம்தான்" என்றான் மரியாதை ராமன். "கிணறு அவனுடையது, தண்ணீர் உன்னுடையது. ஆகையால் உன் தண்ணீரை அவனுடைய கிணற்றில் வைத்திருப்பதற்கு வாடகை கொடு. இல்லாவிட்டால் இன்று பொழுது சாய்வதற்குள் உன் தண்ணீரை எடுத்துக்கொண்டு போய்விடு!"

இதே கதையைத் தெனாலி ராமன் பெயரிலும் பீர்பால் பெயரிலும் சொல்வார்கள். யார் பெயரில் சொன்னாலும் குழந்தைகள் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு ஒரே ஒரு நம்பிக்கையின்மேல் நிற்கிறது. கிணற்றை இருந்த இடத்தில் விட்டுவிட்டு அதன் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு போக எவனாலும் முடியாது என்பதே அந்த நம்பிக்கை. நம் முன்னோர்களுக்கு அது உண்மையாக இருந்தது. நமக்கு இல்லை. நம் காலத்தில் அது முடியும். கிணற்றின் பக்கமே வராமல், அதன் சொந்தக்காரன் முகத்தைக்கூடப் பார்க்காமல், ஒரு மைலுக்கு அப்பால் நின்றுகொண்டு செய்துவிட முடியும். கிணறு அவனுடையதாகவே இருக்கும். பட்டா அவன் பெட்டியில் பத்திரமாக இருக்கும். தண்ணீர் மட்டும் இருக்காது.

அப்போது எந்த மரியாதை ராமனிடம் போவது?

நிலக்கரிச் சுரங்கத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் நீர் மட்டத்தை அளந்து எழுதி வைக்கிறார்களே, அந்த வேலையைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். இது இஞ்சினியர்கள் விஷயம், கதை எழுதுகிறவனுக்கு இதில் என்ன இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். யோசிக்க யோசிக்க, நம்முடைய தர்ம நியாயங்களில் பாதி அந்தக் குழாய்க்குள் இறங்குகிற நாடாவில் தொங்குகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்படி ஒரு வழக்கு உண்மையாகவே நடந்திருக்கிறது. இங்கிலாந்தில், 1843-ல் தீர்ப்பான வழக்கு அது. ஆக்டன் என்பவருக்கு ஒரு பஞ்சாலை. ஆலையின் தேவைக்காக 1821-ல் வெட்டிய கிணறு ஒன்று அங்கே இருந்தது. அதிலிருந்து சுமார் முக்கால் மைல் தூரத்தில், பிளண்டல் என்பவரும் மற்றவர்களும் 1837-ல் ஒரு நிலக்கரிக் குழி இறக்கினார்கள். கிணற்றில் தண்ணீர் குறைந்தது. ஏறக்குறைய மூன்று வருஷம் கழித்து, இன்னும் கொஞ்சம் அருகில் இரண்டாவது குழி. அதோடு கிணறு ஆலைக்கு உதவாமல் போயிற்று. ஆக்டன் கோர்ட்டுக்குப் போனார், தோற்றுப் போனார்.

ஏன் தோற்றார் என்பதுதான் கவனிக்கவேண்டியது. நீதிபதிகள் கல் நெஞ்சக்காரர்கள் அல்ல. ஆற்றில் ஓடுகிற தண்ணீரைத் தடுத்தால் அதைக் கண்ணால் பார்க்கலாம். கீழே இருப்பவன் உடனே ஆட்சேபிக்கலாம். பூமிக்குள் கசிந்து போகிற தண்ணீர் எந்த வழியாக வருகிறது, எவ்வளவு வருகிறது, தோண்டினால் என்ன ஆகும் என்பதை எவரும் அறிய முடியாது. அறிய முடியாத ஒன்றுக்கு ஒருவனைப் பொறுப்பாக்குவது எப்படி? இது அவர்கள் சொன்ன முக்கியமான காரணங்களில் ஒன்று. இன்னொன்றும் சொன்னார்கள். ஒரு குடிசைக்காகவோ மாடுகளுக்காகவோ வெட்டிய சின்னக் கிணறு, விலை மதிக்க முடியாத ஒரு சுரங்கத்தையே தடுத்து நிறுத்திவிடுமே என்றார்கள்.

இந்த எண்ணம் கப்பலேறி நம் நாட்டுக்கும் வந்தது. 1882-ம் வருஷத்து இந்திய ஈஸ்மென்ட் சட்டத்தில், தன் நிலத்துக்கு அடியில் குறிப்பிட்ட கால்வாய் எதிலும் ஓடாமல் கிடக்கிற தண்ணீரைத் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்வது நிலத்துக்காரனின் உரிமை என்று எழுதி வைத்தார்கள். யாருக்கு எவ்வளவு நிலம் இருக்கிறதோ, எவனிடம் எவ்வளவு பலமான இயந்திரம் இருக்கிறதோ, அவனுக்கு அவ்வளவு தண்ணீர் என்பதுதான் நடைமுறையில் இதற்கு அர்த்தம். ஏற்றமும் கவலையும் இருந்த காலத்தில் இதனால் பெரிய அநியாயம் விளையவில்லை. மாட்டின் பலத்துக்கு மேல் எவனும் இறைக்க முடியாதல்லவா? இயந்திரம் வந்த பிறகுதான் சட்டத்தின் பற்கள் தெரிய ஆரம்பித்தன.

ஆக, அந்தத் தீர்ப்பின் அடியில் கிடந்த கல் ஒரே வார்த்தைதான்: 'தெரியாது.' அந்தக் கல்லை ஒரு சின்ன இரும்புக் குழாய் அசைத்துவிட்டது. நெய்வேலிக்குப் போனால் அது புரியும்.

நெய்வேலியில் நிலக்கரி கிடைத்ததே கிணற்றால்தான். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வெளிவந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956-ல் அரசாங்க நிறுவனம் ஏற்பட்டது. 1957-ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-ல் நிலக்கரிப் படுகை வெளிச்சத்தைக் கண்டது. அந்த நாளில் அது தமிழ்நாட்டின் பெருமை. இன்றும் அதன் மின்சாரம் தமிழ்நாட்டோடு நிற்காமல் மற்றத் தென் மாநிலங்களுக்கும் போகிறது.

அந்தப் படுகையைத் தோண்டுவதில் ஒரு பெரிய கஷ்டம் இருந்தது. மேலே மண்ணும் மணற்பாறையும். அவற்றின் கீழே நிலக்கரி. நிலக்கரிக்கும் கீழே மணலும் தண்ணீரும். கீழே உள்ள தண்ணீர் குளத்துத் தண்ணீரைப் போலச் சும்மா கிடக்கவில்லை. மேற்கே மேட்டுப் பாங்கான நிலத்தில் பெய்த மழை மணல் வழியாக இறங்கி, மேலே மூடியிருக்கும் அடுக்குகளுக்குக் கீழே சிறைப்பட்டு, வெளியே வர வழி தேடிக்கொண்டிருக்கிற தண்ணீர் அது. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 6 முதல் 8 கிலோ வரை மேல்நோக்கி முட்டுகிற பலம் அதற்கு. இந்த வட்டாரத்தில் ஆழமாகக் குழாய் இறக்கினால் இறைக்காமலே தண்ணீர் தானாகப் பொங்கி வழிந்த காலம் உண்டு. மேலே உள்ள மண்ணைச் சுரங்கத்துக்காக வாரிக்கொண்டு போய்விட்டால் தண்ணீரை அழுத்தி வைத்திருந்த பாரம் போய்விடுகிறது. பிறகு சும்மா இருக்குமா? சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு கிளம்பும். ஆட்கள், இயந்திரங்கள், நிலக்கரி எல்லாம் மூழ்கிவிடும்.

ஆகையால் சுரங்கத்தைச் சுற்றி ஆழமான குழாய்க் கிணறுகள் போட்டு, இரவும் பகலும் இறைத்து, அந்த அழுத்தத்தைத் தணித்து வைக்கிறார்கள். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இது நடக்கிறது. தூக்கத்தில் மூச்சு விடுவதைப்போல, ஒரு நாளும் நிறுத்த முடியாத வேலை.

இறைத்தால் மட்டும் போதாது. எவ்வளவு தணிந்திருக்கிறது என்று தெரியவேண்டும். அதற்காகத்தான் கண்காணிப்புக் கிணறுகள். கிணறு என்றவுடன் துலாவும் படியும் உள்ள கிணற்றை நினைத்துக்கொள்ள வேண்டாம். கையளவு அகலமுள்ள ஒரு குழாய். எந்த மணல் அடுக்கின் நீரை அறியவேண்டுமோ, அந்த ஆழத்தில் மட்டும் அதற்குச் சல்லடைக் கண்கள் இருக்கும். மேலே ஒரு மூடி, ஒரு பூட்டு. அளக்க வருகிறவர் மூடியைத் திறந்து நாடாவை இறக்குகிறார். நுனியில் உள்ள கருவி தண்ணீரைத் தொட்டதும் ஒலிக்கிறது. குழாயின் வாயிலிருந்து எத்தனை மீட்டர் என்று பார்த்து எழுதிக்கொள்கிறார். ஐந்து நிமிஷ வேலை.

ஆனால், அந்த ஐந்து நிமிஷத்தில் எவ்வளவு நாணயம் வேண்டியிருக்கிறது! பக்கத்தில் ஒரு பம்பு ஓடிக்கொண்டிருந்தால் மட்டம் உண்மையைவிடத் தாழ்ந்து காட்டும். அதை நிறுத்தி, நீர் நிலைக்கு வரும்வரை காத்திருக்கவேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே அடையாளத்திலிருந்து அளக்கவேண்டும். ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பின் எழும்புவதையும் கோடையில் இறங்குவதையும் பிரித்துப் பார்க்கவேண்டும். அதற்கு மழைக் கணக்கு வேண்டும். மேல்மட்டக் கிணற்றையும் ஆழத்து நீரையும் தனித்தனியே அளக்கவேண்டும், இரண்டும் ஒன்றல்ல. சுரங்கத்தின் கை எட்டாத தூரத்தில் உள்ள கிணற்றையும் அளந்து ஒப்பிடவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தோண்டுவதற்கு முன்பே அளந்திருக்கவேண்டும். முதல் அளவு இல்லாவிட்டால் மற்ற அளவுகளெல்லாம் தலையில்லாத முண்டம். "முன்பு என் கிணற்றில் தண்ணீர் நிறைய இருந்தது" என்று ஒரு விவசாயி சொன்னால், "அதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்பவரிடம் அவனுடைய வாய்ச் சொல்லும் வயதும் தவிர வேறு என்ன இருக்கிறது?

இந்த இடத்தில் எனக்குள் இருக்கும் நாவலாசிரியன் விழித்துக்கொள்கிறான். அவனுக்குப் பாத்திரங்கள் வேண்டும். அளவு எடுக்க வருகிற இளைஞன் ஒருவன், காட்டு ஓரத்தில் முந்திரித் தோப்பும் அரைக்காணி நிலமும் வைத்திருக்கிற பெரியவர் ஒருவர். என் கற்பனையில் அவர்கள் பேசிக்கொள்கிறார்கள்.

"என்ன தம்பி, தண்ணி எங்கே நிக்குது?"

"போன தடவையைவிட இறங்கியிருக்குதுங்க ஐயா."

"எவ்வளவு?"

"ஒன்றரை மீட்டர் இருக்கும்."

"ஒரு ஆள் மட்டம்னு சொல்லு. இதை எங்கே எழுதறே?"

"நோட்டுலதான். அப்புறம் ஆபீஸ்ல கொடுத்துடுவேன்."

"அந்த நோட்டை ஒரு நாளு எனக்குக் காட்டுவாங்களா?"

இளைஞன் பதில் சொல்லவில்லை. நாடாவைச் சுற்றிக்கொண்டு அடுத்த குழாய்க்குப் போகிறான்.

அந்த ஒன்றரை மீட்டர் எங்கே போகிறது என்று பின்தொடர்ந்து பார்ப்போம். பெரியவரின் வீட்டில் அது துக்கச் செய்தி. இன்னும் ஆழமாகப் போர் போடவேண்டும், பம்பை இறக்கவேண்டும், கடன் வாங்கவேண்டும். அதே ஒன்றரை மீட்டர் சுரங்கத்துக் காரியாலயத்தில் நல்ல செய்தி. அழுத்தம் தணிந்திருக்கிறது, தரை பத்திரமாக இருக்கிறது, கீழே வேலை செய்கிற தொழிலாளிகள் உயிரோடு வீடு திரும்புவார்கள். ஒரே எண். ஒரு வீட்டில் இழவு, இன்னொரு வீட்டில் மங்களம். எண் பொய் சொல்லவில்லை, யாருக்கும் பரிந்து பேசவும் இல்லை. ஆனால் அது எந்த வீட்டு வாசலில் போய் நிற்கிறதோ அந்த வீட்டின் பாஷையைப் பேசுகிறது.

இந்தக் கதையில் வில்லன் யார்? எவ்வளவு தேடியும் எனக்கு அகப்படவில்லை. இஞ்சினியர் நல்லவர், சுரங்கத்தில் இறங்குகிற மனிதர்களின் உயிருக்கு அவர் பொறுப்பு. இளைஞன் நல்லவன், உள்ளதை உள்ளபடி எழுதுகிறான். பெரியவரும் நல்லவர். கெட்டவன் இல்லாமலே கேடு நடக்கிறது. இந்த யுகத்தின் பெரிய தீமைகளில் பல இப்படித்தான் இருக்கின்றன. கையும் களவுமாகப் பிடிப்பதற்கு அங்கே கையே இல்லை.

2023 ஜூலையில் வளையமாதேவியில், கதிர் வரும் நிலையில் இருந்த நெற்பயிரின்மேல் கால்வாய் வெட்டுகிற இயந்திரங்கள் ஏறியபோது தமிழ்நாடே அந்தப் படத்தைப் பார்த்துப் பதறியது. கண்டனம் எழுந்தது, கோர்ட்டு கேள்வி கேட்டது. பச்சைப் பயிர் மண்ணில் புதைவதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. கிணறு இறங்குவதை அப்படிப் படம் எடுக்க முடியாது. அது ஓசையில்லாமல், வருஷத்துக்குச் சில அடியாக, எல்லாரும் தூங்கும்போது இறங்குகிறது. கண்ணுக்குத் தெரிகிற அநியாயத்துக்கு ஊர் சாட்சி. தெரியாத அநியாயத்துக்கு அந்த இரும்புக் குழாய் ஒன்றே சாட்சி. அந்தச் சாட்சியை யார் வீட்டில் அடைத்து வைத்திருக்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடிய நியாயங்களும் உண்டு. அவற்றை மறைத்துவிட்டு எழுதுவது எனக்குச் சம்மதமில்லை.

முதலாவது, எல்லாக் கிணறுகளும் சுரங்கத்தால்தான் இறங்குகின்றன என்று சொல்ல முடியாது. கரும்புக்கும் நெல்லுக்கும் விவசாயிகளே ஆயிரக்கணக்கான பம்புகளால் இறைக்கிறார்கள். சென்னைக்குத் தாகம் எடுத்தபோது, வீராணத்துத் தண்ணீரோடு நெய்வேலி வட்டாரத்து ஆழ்குழாய்த் தண்ணீரும் குழாய் வழியே போயிருக்கிறது. மழை பொய்த்த வருஷங்கள் உண்டு. மேலே உள்ள கிணறு வற்றினால், ஆழத்தில் நடக்கிற இறைப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இவையெல்லாம் உண்மைதான். இவை அளவைக் குறைத்துக்கொள்வதற்குக் காரணமாகுமா? மாறாக, இன்னும் நிறைய அளப்பதற்கல்லவா காரணம்? பலர் கை வைத்த பானையில் யார் எவ்வளவு எடுத்தார் என்று தெரியவேண்டுமானால் அகப்பையைக் கணக்கிடவேண்டும். பலர் எடுத்தார்கள் என்பதால் ஒருவரும் எடுக்கவில்லை என்று ஆகிவிடாது.

இரண்டாவது, இறைத்த தண்ணீர் எல்லாம் வீணாகப் போகவில்லை. அனல் மின் நிலையங்களுக்கும் நகரியத்துக்கும் அது பயன்படுகிறது. ஒரு பகுதி பரவனாறு வழியாகவும் வாலாஜா ஏரி வழியாகவும் வயல்களுக்குப் பாய்கிறது. இதுவும் உண்மை. ஆனால், கிணற்றை இழந்தவனும் கால்வாய்த் தண்ணீர் பெற்றவனும் ஒரே ஆள்தானா? என் மகன் பசியோடு இருக்கும்போது, "அவனுடைய சோறு வீணாகவில்லை, அடுத்த தெருப் பையன் சாப்பிட்டான்" என்று எனக்கு ஆறுதல் சொன்னால் நான் என்ன பதில் சொல்வேன்? தானம் பெரிய விஷயம்தான். அதைத் தருகிறவன் தன் வீட்டிலிருந்து எடுத்துத் தரவேண்டும்.

மூன்றாவது, எல்லாவற்றிலும் பலமானது. மின்சாரம் வேண்டாமா? ஆஸ்பத்திரி வேண்டாமா? தொழில் வேண்டாமா? கோடி பேருடைய நன்மைக்காகச் சில நூறு கிணறுகள் வற்றினால் என்ன? 1843-ல் நீதிபதிகள் கேட்ட கேள்வியேதான் இது. குடிசைக் கிணறு பெரிது என்று சுரங்கத்தைத் தடுக்கலாமா?

தடுக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. நிலக்கரியை எரிப்பது நெடுநாளைக்கு நிலைக்கக்கூடிய வழியல்ல என்பது இன்று உலகம் அறிந்த விஷயம். அது தனி வாதம். சுரங்கம் இருக்கும்வரை என்ன செய்வது என்பதே இங்கே கேள்வி. கோடி பேர் நன்மைக்காக ஒருவனிடம் ஒன்றை எடுக்கலாம் என்றே வைத்துக்கொள்வோம். அப்படி எடுக்கும்போது, "உன்னிடமிருந்து எடுக்கிறேன்; இவ்வளவு எடுக்கிறேன்" என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டிய கடமை போய்விடுமா? எடுத்ததற்கு விலை கொடுப்பது இரண்டாவது கடமை. எடுத்தேன் என்று ஒப்புக்கொள்வது முதல் கடமை. விலை கொடுத்தும் ஒப்புக்கொள்ளாவிட்டால் அது பிச்சை. விலையும் கொடுக்காமல் ஒப்பவும் ஒப்பாவிட்டால் அதற்கு என்ன பெயர் என்று வாசகர்களே சொல்லட்டும்.

ஆக்டனின் வழக்குக்குத் திரும்ப வருகிறேன். பிளண்டல் தரப்புக்கு ஒரு நல்ல கவசம் இருந்தது. பூமிக்குள் நடப்பது யாருக்குத் தெரியும் என்று அவர்கள் கைவிரிக்கலாம். அந்தக் காலத்துக்கு அது பொய்யும் அல்ல. ஆனால், ஒரு சுரங்கத்தைச் சுற்றி முதல் கண்காணிப்புக் குழாயை இறக்கிய அன்றே அந்தக் கவசம் கழன்றுவிட்டது. தன் பாதுகாப்புக்காக அளக்கிறவன், அந்த அளவு அடுத்தவன் கிணற்றைப் பற்றிச் சொல்வதையும் அறிந்தவனாகிறான். அறிவு ஒரு பக்கம் மட்டும் கூரான கத்தியல்ல. சுரங்கத் தரை பொங்குமா பொங்காதா என்பதை முன்கூட்டியே சொல்லத் தெரிந்தவருக்கு, முந்திரித் தோப்புக்காரரின் தண்ணீர் எந்த வருஷம் எங்கே நிற்கும் என்பதையும் ஏறத்தாழச் சொல்லத் தெரியும். தெரிந்த பிறகு 'தெரியாது' என்று சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. மௌனமாக இருக்கும் உரிமையும் இல்லை என்பேன்.

நம் நாட்டுச் சட்டம் இந்த வழியில் பாதி தூரம் வந்திருக்கிறது. இன்று நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுக்கும்போது, சுற்றிலும் உள்ள கிணறுகளையும் புதிய குழாய்களையும் கொண்டு வருஷத்தில் நான்கு தடவை, மே, ஆகஸ்டு, நவம்பர், ஜனவரி மாதங்களில், நீர் மட்டத்தை அளக்கவேண்டும் என்று வழக்கமாக நிபந்தனை போடுகிறார்கள். அளந்த கணக்கை அரசாங்கத்துக்கு அனுப்பவேண்டும். நல்ல நிபந்தனைதான். ஆனால் இதில் அளப்பவர் யார்? சுரங்கம் நடத்துபவரே. எடுத்துக்கொண்டு போகிற கையே கணக்கும் எழுதுகிறது. மளிகைக் கடையில் தராசு கடைக்காரரிடம்தான் இருக்கிறது. அதற்காக அவரைத் திருடர் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால், தராசு முள்ளை நாம் பார்க்கும்படி வைக்கவேண்டும் என்று கேட்கிறோம். படிக்கல்லில் சர்க்கார் முத்திரை வேண்டும் என்கிறோம். அரைக் கிலோ பருப்புக்கு உள்ள இந்த மரியாதை ஒரு ஊரின் தண்ணீருக்கு வேண்டாமா?

வேறு நாடுகள் எப்படிச் செய்திருக்கின்றன என்று பார்த்தால், ஜெர்மனியில் ரைன் நதிப் பிரதேசத்தில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. அங்கும் நெய்வேலியைப்போலப் பழுப்பு நிலக்கரிதான். அங்கும் பெரிய திறந்தவெளிச் சுரங்கங்கள். அங்கும் சுரங்கம் மூழ்காமல் இருக்க ஓயாமல் நீரை இறைக்கவேண்டும். 1958-ல் ஒரு தனிச் சட்டம் செய்து எர்ஃப்ட் நதியின் பெயரால் ஒரு சங்கத்தை அமைத்தார்கள். நிலக்கரி எடுப்பவர், மின்சாரம் செய்பவர், ஊராட்சிகள், குடிநீர் வழங்குவோர் என்று அந்தத் தண்ணீரில் சம்பந்தப்பட்ட பல தரப்பாரும் அதில் அங்கத்தினர். நிலத்தடி நீரை அளப்பதும் ஆராய்வதும் அதன் வேலை. அதாவது, எடுப்பவரும் இழப்பவரும் ஒரே மேஜையில், ஒரே நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு உட்காருகிறார்கள். அதனால் அங்கே ராம ராஜ்யம் நடக்கிறது என்று நினைக்கவேண்டாம். அங்கும் ஊர்களைப் பெயர்த்தார்கள். 2023 ஜனவரியில் லூட்செராத் என்ற சிற்றூரிலிருந்து போராட்டக்காரர்களைப் போலீஸ் தூக்கி அப்புறப்படுத்தியதை உலகம் பார்த்தது. சண்டை இல்லாமல் இல்லை. ஆனால் அங்கே தண்ணீரைப் பற்றிய சண்டையை "கிணறு இறங்கியதா இல்லையா?" என்பதிலிருந்து ஆரம்பிக்கவேண்டியதில்லை. "இறங்கியதற்கு என்ன செய்வது?" என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். இரண்டுக்கும் உள்ள தூரம் கொஞ்சமல்ல. முதல் சண்டையில் ஏழை தன் நாணயத்தை நிரூபிக்கவேண்டும். இரண்டாவதில் தன் உரிமையைக் கேட்டால் போதும்.

இன்னும் ஒன்று. சுரங்கம் ஓய்ந்த பிறகும் அளப்பது ஓயக்கூடாது. இறைப்பதை நிறுத்தினால் ஆழத்து நீர் மெள்ள மெள்ள மேலேறும். தாழ்ந்த மட்டத்துக்குப் பழகிப்போன நிலமும் கட்டடமும் அப்போது வேறு விதமான சங்கடத்தைப் பார்க்கும். நிலக்கரியை எடுக்கச் சில பத்தாண்டுகள். பூமி தன் பழைய நிலைக்கு வரப் பல பத்தாண்டுகள். எடுத்தவர்கள் ஓய்வு பெற்று, அவர்கள் பிள்ளைகளும் ஓய்வு பெற்ற பிறகும், யாரோ ஒருவன் அந்த மூடியைத் திறந்து நாடாவை இறக்கவேண்டும். அவனுக்குச் சம்பளம் யார் கொடுப்பது என்பதை லாபம் வந்துகொண்டிருக்கும்போதே முடிவு செய்து வைப்பதுதான் பெரிய மனிதத்தனம்.

இதைப் படிக்கிற உங்களுக்கும் எழுதுகிற எனக்கும் இதில் என்ன பங்கு? நாம் சுரங்கம் தோண்டவில்லை. கிணற்றையும் இழக்கவில்லை. இரவில் மின்விசிறியைச் சுழலவிட்டுக்கொண்டு, விளக்கு வெளிச்சத்தில் கதைப் புத்தகம் படிக்கிறோம். அந்த விசிறியை எந்த மின்சாரம் சுற்றுகிறது என்று நாம் கேட்பதில்லை. கேட்டால் சொல்வாரும் இல்லை. எல்லா மின்சாரமும் ஒரே கம்பியில் கலந்துதான் வருகிறது. ஆனால் அதில் ஏதோ ஒரு பங்கு நெய்வேலி மண்ணுக்கு அடியிலிருந்து வருகிறது என்பது நமக்குத் தெரியும். பிளண்டலின் 'தெரியாது' சுரங்கக்காரரிடமிருந்து கழன்றுவிட்டது என்றால், நம்மிடமிருந்தும் கழன்றுவிட்டது.

விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் உட்காருங்கள் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் செய்வதால் யார் கிணற்றிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊறாது. மின்சாரத்துக்கு நாம் கட்டுகிற பணத்தில் அந்தக் கிணறுகளின் விலையும் சேரட்டும் என்று சம்மதிக்கலாம். யூனிட்டுக்குச் சில காசுகள் ஏறினால், அது ஏன் ஏறியது என்று தெரிந்துகொண்டு முணுமுணுக்காமல் கொடுக்கலாம். மலிவான மின்சாரம் என்று நாம் மகிழ்கிறபோது, அந்த மலிவில் ஒரு பகுதியை யாரோ ஒருவர் தன் கிணற்றடியில் நின்று நமக்காகக் கட்டிவிட்டிருக்கக்கூடும்.

சுரங்கக்காரர்களிடமும் சர்க்காரிடமும் நாம் கேட்கவேண்டியது பெரிய காரியமல்ல. ஒவ்வொரு ஊரிலும் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒரு கரும்பலகை வேண்டும். அதில் நான்கு பத்திகள்: அளந்த தேதி, மேல்கிணற்றின் மட்டம், ஆழத்து நீரின் மட்டம், அந்த மாத மழை. அளக்கும்போது ஊர்க்காரர் ஒருவர் கூட நின்று கையெழுத்துப் போடவேண்டும். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அதைப் படிக்கக் கற்றுக்கொடுக்கவேண்டும். செலவு என்று பார்த்தால், சுரங்கத்தில் ஓடுகிற ஒரு ராட்சத இயந்திரத்தின் ஒரு நாள் தீனிகூட ஆகாது.

அதனால் தண்ணீர் திரும்பி வந்துவிடுமா என்றால், வராது. ஆனால் முந்திரித் தோப்புப் பெரியவர் இனிமேல் யாரிடமும் போய், "ஐயா, என் கிணற்றில் ஒரு காலத்தில் தண்ணீர் இருந்தது, நம்புங்கள்" என்று கும்பிட்டு நிற்கவேண்டியதில்லை. கரும்பலகையைக் காட்டினால் போதும். தண்ணீரை இழந்த மனிதன், தான் பொய்யனல்ல என்று நிரூபிக்கும் வேலையையும் சேர்த்துச் சுமக்கக்கூடாது. அந்தச் சுமையை இறக்கி வைப்பதற்கு ஒரு நாடாவும் ஒரு சுண்ணாம்புக் கட்டியும் போதும் என்றால், அதைக்கூடச் செய்யாமல் இருப்பதற்கு நாம் என்ன காரணம் சொல்லப்போகிறோம்?